‘ஒரே நேரத்தில்’ என்றால் யாருக்கு?

(இராமநாதபுரத்தில் இயற்பியல் மாணவர்கள் முன் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கலாம் பிறந்த தீவுக்குப் பக்கத்தில் இயற்பியல் பேச வந்தவர் ராக்கெட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ராக்கெட்டை மேலே அனுப்ப நியூட்டன் போதும். அது சுமந்து போகிற கடிகாரத்துக்குத்தான் ஐன்ஸ்டைன் வேண்டும். இன்று நான் பேசப்போவது அந்தக் கடிகாரத்தைப் பற்றி.

சிறப்புச் சார்பியல் என்றதும் உங்களுக்கு மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். ஓடுகிற கடிகாரம் மெதுவாகும், ஓடுகிற அளவுகோல் குறுகும், நிறையும் ஆற்றலும் ஒன்றாகும். தேர்வுக்கு இது போதும். ஆனால் இம்மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர் முதல் முரண்புதிரிலேயே மாட்டிக்கொள்வார். மூன்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டு இடங்களில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன என்கிறோமே, யாருக்கு ஒரே நேரம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும். அதைக் காட்டுவதற்கு நம் பாம்பன் பாலத்தைவிட வசதியான இடம் உலகத்தில் இல்லை.

மதராஸ் நேரமும் பெர்ன் நகரத்துக் குமாஸ்தாவும்

முதலில் கொஞ்சம் சரித்திரம். இராமேசுவரத்தின் தீர்க்கரேகை ஏறக்குறைய 79.3 டிகிரி. சூரியனை வைத்துக் கணக்கிட்டால் இங்குள்ள நேரம் இந்திய நேரத்துக்கு 13 நிமிடம் பின்தங்கியிருக்கும். ரயில் வராத காலத்தில் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ஊருக்கு ஊர் அதனதன் உச்சிவேளைதான் நேரம். ரயில் வந்த பிறகு அந்தக் கதை நடக்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் மதராஸ் நேரத்தைப் பின்பற்றின. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் கடிகாரம் கொடுத்த நேரம் அது. பிறகு 1906 ஜனவரி 1 முதல் 82.5 டிகிரி தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் வந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1905 ஜூனில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது இளைஞர் ஒருவர் இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். அதன் முதல் பகுதியில் கடினமான கணிதம் எதுவும் கிடையாது. தொலைவில் உள்ள இரண்டு கடிகாரங்களை எப்படி ஒத்துப்போகச் செய்வது என்பதுதான் அங்கே பேச்சு. இங்கே இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று அதிகாரிகள் முடிவுசெய்துகொண்டிருந்த அதே சமயத்தில், ‘ஒரே நேரம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஐன்ஸ்டைன் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டுரை இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் இளம் விரிவுரையாளர்களாக இருந்த மேக்நாத் சாகாவும் சத்யேந்திர நாத் போஸும் ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். மகலனோபிஸ் எழுதிய வரலாற்று முன்னுரையுடன் கல்கத்தா பல்கலைக்கழகம் 1920இல் அதை நூலாக வெளியிட்டது. ஆங்கிலத்தில் இந்தக் கட்டுரைகள் நூலாக வந்ததில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று.

இரண்டு எடுகோள்கள்

கட்டுரையின் அடித்தளம் இரண்டே எடுகோள்கள். முதலாவது: சீரான திசைவேகத்தில் நகரும் எல்லாக் குறிப்பாயங்களிலும் இயற்பியல் விதிகள் ஒன்றே. சீராகப் போகும் ரயிலின் ஜன்னல்களை மூடிவிட்டு உள்ளே எந்தச் சோதனை செய்தாலும் ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. இது கலிலியோவுக்கே தெரியும். இரண்டாவது: வெற்றிடத்தில் ஒளியின் வேகம், ஒளி புறப்பட்ட பொருள் எப்படி நகர்ந்தாலும், ஒரே அளவு. விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர்.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதுவானவை. சேர்த்தால்தான் சிக்கல். விதிகள் ஒன்றே என்றால், ஓடுகிற ரயிலில் இருப்பவரும் தன் ரயிலில் ஒளியின் வேகத்தை அளந்து அதே 3 லட்சத்தைத்தான் பெற வேண்டும். 1887இல் மைக்கல்சனும் மார்லியும் பூமியின் ஓட்டத்தால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுகிறதா என்று நுணுக்கமாகத் தேடி, மாற்றம் காணவில்லை. வேகம் என்பது தொலைவை நேரத்தால் வகுத்தது. அந்த விகிதம் அசையாது என்றால் தொலைவும் நேரமும்தான் அசைய வேண்டும். எப்படி அசைகின்றன என்பதைப் பாலத்தில் பார்ப்போம்.

பாலத்தின் இரு முனையிலும் விளக்கு

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்குப் பக்கத்தில் கட்டிய புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் நீளம் 2.08 கிலோமீட்டர். கணக்குக்கு 2,080 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மண்டபம் முனையில் ஒரு விளக்கு, பாம்பன் முனையில் ஒரு விளக்கு. பாலத்தின் நட்ட நடுவில் ஒரு ரயில்வே ஊழியர் நிற்கிறார். மண்டபத்திலிருந்து கிழக்கே இராமேசுவரத்தை நோக்கி ஒரு ரயில் வருகிறது. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு. ஆய்வாளர் அனுமதி தருவாரா என்று கேட்காதீர்கள். பாலத்தில் நிற்பவர் அளக்கும்போது இந்த ரயிலின் நீளம் சரியாகப் பாலத்தின் நீளமே. ரயிலின் நடுப்பெட்டியில் ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள்.

எஞ்சின் பாம்பன் முனையையும் கடைசிப் பெட்டி மண்டபம் முனையையும் தொடும்போது இரண்டு விளக்குகளும் ஒரு முறை மின்னுகின்றன. இரண்டு ஒளியும் ஊழியரை ஒன்றாக வந்து சேர்கின்றன. அவர் நடுவில் நிற்கிறார். இரு பக்கமும் சம தூரம். ஒளியின் வேகமும் சமம். ஆகவே விளக்குகள் ஒரே நேரத்தில் மின்னின என்கிறார். இதில் தவறில்லை.

இப்போது மாணவியைக் கேளுங்கள். ஒளி வந்து சேர்வதற்குள் அவள் பாம்பன் பக்கம் நகர்ந்துவிடுகிறாள். எனவே பாம்பன் விளக்கின் ஒளி அவளை முதலில் எட்டுகிறது, மண்டபம் விளக்கின் ஒளி பிறகு. இந்த வரிசையில் யாருக்கும் சந்தேகமில்லை, ஊழியரும் ஒப்புக்கொள்வார். அவள் சொல்லும் காரணத்தில்தான் விஷயம் இருக்கிறது. “என் ரயிலின் முன்முனையில் ஒரு விளக்கு மின்னியது, பின்முனையில் ஒன்று மின்னியது. நான் நடுவில் இருக்கிறேன். இரு பக்கமும் சம தூரம். ஒளியின் வேகம் எனக்கும் இரு பக்கமும் சமம். ஒன்று முந்தி வந்தது என்றால் அது முந்தி மின்னியது” என்கிறாள்.

நியூட்டன் காலத்து மாணவி இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். “நான் ஓடுகிறேன், எனக்கு எதிரே வரும் ஒளி வேகமாகவும் பின்னால் துரத்தும் ஒளி மெதுவாகவும் தெரியும்” என்று சமாதானம் செய்துகொண்டிருப்பாள். அந்த வாசலை இரண்டாவது எடுகோள் அடைத்துவிட்டது. ஊழியர் சொல்வதும் சரி, மாணவி சொல்வதும் சரி. ‘ஒரே நேரத்தில்’ என்பது இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் சொந்தமான பண்பாக இருக்க முடியாது. எந்தக் குறிப்பாயத்தில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. இதைத்தான் உடனிகழ்வின் சார்புத்தன்மை என்கிறோம்.

வித்தியாசம் எவ்வளவு? லாரன்ஸ் மாற்றச் சமன்பாட்டிலிருந்து வரும் அளவை வாயால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: வேகம் பெருக்கல் தொலைவு, வகுத்தல் ஒளிவேகத்தின் வர்க்கம். அதைக் காமா என்ற காரணியால் பெருக்க வேண்டும். 0.6 பங்கு வேகத்துக்குக் காமா 1.25. ஏன் 1.25 என்பது சற்று நேரத்தில் வரும். 2,080 மீட்டரைக் கடக்க ஒளிக்கு 6.94 மைக்ரோவிநாடி. அதை 0.6ஆலும் 1.25ஆலும் பெருக்கினால் 5.2 மைக்ரோவிநாடி. மாணவியின் கணக்கில் பாம்பன் விளக்கு மண்டபம் விளக்கைவிட 5.2 மைக்ரோவிநாடி முந்திவிட்டது.

உண்மையான ரயில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர். அப்போது வித்தியாசம், ஒரு விநாடியை இரண்டு லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்த ரயிலில் போகிறவர் யாரும் இதை உணரப்போவதில்லை. ஆனால் அளவைக் கவனியுங்கள்: அதில் வேகமும் இருக்கிறது, தொலைவும் இருக்கிறது. வேகம் சிறியதாக இருந்தாலும் தொலைவைப் பெரிதாக்கினால் வித்தியாசம் வளரும். இதை நினைவில் வையுங்கள். கடலுக்குப் போகும்போது இது தேவைப்படும்.

ரயில் பாலத்தில் அடங்குமா?

அடுத்து நீளம். பாலத்தில் நிற்பவருக்கு ரயில் 2,080 மீட்டர் என்றேன். ஓடுகிற பொருளின் நீளம் காமா மடங்கு குறைகிறது. ஆகவே ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது அதன் நீளம் 2,600 மீட்டர். ஊழியரின் கணக்கில் அது குறுகிப் பாலத்தில் கச்சிதமாக அடங்கியது.

மாணவிக்கோ ரயில் நிற்கிறது, பாலம்தான் ஓடி வருகிறது. குறுக வேண்டியது பாலம். 2,080 மீட்டர் 1,664 மீட்டராகிறது. ரயில் 2,600 மீட்டர். 1,664 மீட்டர் பாலத்தில் 2,600 மீட்டர் ரயில் எப்படி அடங்கும்? ஒருவர் அடங்கியது என்கிறார், மற்றவர் அடங்கவே அடங்காது என்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டாமா?

‘அடங்கியது’ என்றால் என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சின் பாம்பன் முனையில் இருக்கும் அதே நேரத்தில் கடைசிப் பெட்டி மண்டபம் முனையில் இருந்தது என்று பொருள். அந்த ‘அதே நேரத்தில்’ மறுபடியும் வந்துவிட்டது. மாணவியின் கணக்கில் எஞ்சின் பாம்பன் முனையைத் தொட்டபோது மண்டபம் முனை எஞ்சினுக்கு 1,664 மீட்டர் பின்னால் இருக்கிறது. கடைசிப் பெட்டி 2,600 மீட்டர் பின்னால். இடையில் 936 மீட்டர். ஒளிவேகத்தின் 0.6 பங்கில் ஓடிவரும் மண்டபம் முனை அந்த 936 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? வகுத்துப் பாருங்கள்: 5.2 மைக்ரோவிநாடி. விளக்குக் கணக்கில் வந்த அதே எண்.

நீளம் அளப்பது என்பதே இரு முனைகளின் இடத்தை ஒரே நேரத்தில் குறிப்பதுதான். ஒரே நேரம் ஆளுக்கு ஆள் மாறினால் நீளமும் மாறத்தான் செய்யும். இரும்பு நசுங்கவில்லை, தண்டவாளம் இறுகவில்லை. நீளக் குறுக்கம் தனியொரு அதிசயமாக நிற்கவில்லை. உடனிகழ்வின் விளைவாக வருகிறது.

மூன்று, நான்கு, ஐந்து

இப்போது காமா. ரயில் பெட்டியின் தரையிலிருந்து மேற்கூரைக் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக ஒளி அனுப்புகிறாள் மாணவி. அவளுக்கு அது நேராக மேலே போகிறது. அந்த உயரம் 4 அலகு என்று வையுங்கள். பாலத்தில் நிற்பவருக்கு ஒளி மேலே போகும் நேரத்துக்குள் பெட்டியும் முன்னே போகிறது. ஒளி சாய்ந்து போகிறது. பெட்டியின் வேகம் ஒளியில் 0.6 பங்கு. ஒளி சாய்வாக 5 அலகு போகும்போது பெட்டி 3 அலகு போகும். மூன்று, நான்கு, ஐந்து: எட்டாம் வகுப்பில் படித்த செங்கோண முக்கோணம். ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றே. ஆகவே மாணவியின் கடிகாரத்தில் 4 அலகு நேரம், ஊழியரின் கணக்கில் 5. ஐந்தை நான்கால் வகுத்தால் 1.25. கால நீட்டிப்பின் கணிதம் முழுவதும் பிதாகரஸ் தேற்றம்தான்.

அப்படியானால் மாணவிக்கு ஊழியரின் கடிகாரம் வேகமாக ஓடுமா என்றால், இல்லை. அவளுக்கு அவர்தான் ஓடுகிறார். அவருடைய கடிகாரம் மெதுவாகும். ஒருவருடைய கடிகாரம் மற்றவருக்கு மெதுவாவதும், மற்றவருடையது இவருக்கு மெதுவாவதும் எப்படி ஒன்றாக நடக்கும்? ஓடுகிற ஒரு கடிகாரத்தை நிற்கிற ஒரே கடிகாரத்தோடு இரண்டு முறை ஒப்பிட முடியாது. அது கடந்து போய்விடும். வழியில் வரிசையாக வைத்த, ஒத்துப்போகச் செய்த பல கடிகாரங்களோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன என்பதை மற்றவர் ஒப்புக்கொள்வதில்லை. அங்கேயும் உடனிகழ்வு.

தலைக்கு மேலிருந்து வரும் சாட்சி

இதெல்லாம் கற்பனை ரயில். சாட்சி வேண்டாமா? சாட்சி இப்போதும் உங்கள்மீது விழுந்துகொண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றணுக்களில் மோதுவதால் மியூயான் என்ற துகள்கள் பிறக்கின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் விழுகின்றன. உள்ளங்கையை விரித்தால் விநாடிக்கு ஒன்று என்று சொல்லலாம்.

மியூயானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. ஒளிவேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். 15 கிலோமீட்டர் என்பது அதைப்போல 23 மடங்கு. கணக்குப்படி ஆயிரம் கோடியில் ஒன்றிரண்டுதான் இராமேசுவரத்தின் அக்னி தீர்த்தக் கரைக்கு வந்து சேர வேண்டும். ஆனால் ஏராளமாக வருகின்றன. ஏன்? 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மியூயானுக்குக் காமா ஏறக்குறைய 40. நம் கணக்கில் அதன் ஆயுள் 40 மடங்கு நீள்கிறது; 26 கிலோமீட்டர் போகலாம். மியூயானின் கணக்கில் ஆயுள் அதே 2.2 மைக்ரோவிநாடிதான், ஆனால் அதை நோக்கி ஓடிவரும் 15 கிலோமீட்டர் காற்று 375 மீட்டராகக் குறுகிவிடுகிறது. இரண்டு கணக்கும் ஒரே விடை தருகின்றன.

இந்தச் சோதனையின் யோசனையில் ஓர் இந்தியப் பெயர் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபா 1938இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில், இத்தகைய கனமான துகள் தானாகச் சிதைவதால் அது ஒரு கடிகாரம் போலவே செயல்படும், வேகமாக ஓடும்போது அதன் ஆயுள் நீள வேண்டும், அதை அளந்தால் சார்பியலை நேரடியாகச் சரிபார்க்கலாம் என்றார். 1941இல் ரோசியும் ஹாலும் அமெரிக்க மலைகளில் அளந்தார்கள். 1963இல் பிரிஷும் ஸ்மித்தும் மாணவர்களுக்காகவே அதை மீண்டும் செய்தார்கள். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலைமேல், குறிப்பிட்ட வேகமுள்ள மியூயான்கள் மணிக்கு 563 வந்தன. கடல் மட்டத்தில் 408. காலம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் 27 வந்திருக்கும்.

நம் பக்கத்தில் மலையும் இருக்கிறது, கடலும் இருக்கிறது. கோடைக்கானல் வானாய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளிவேகத்தில் 0.995 பங்கு வேகமுள்ள மியூயான் அந்த உயரத்தைக் கடக்க 7.9 மைக்ரோவிநாடி ஆகும். நியூட்டன் கணக்கில் நூற்றுக்கு மூன்று மிஞ்சும். சார்பியல் கணக்கில், காற்றில் வேகம் குறைவதைச் சேர்த்துக்கொண்டாலும், பாதிக்கு மேல் மிஞ்சும். மூன்றுக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க உயர்ந்த கருவி தேவையில்லை. ஒளிர்வு உணர்கருவி ஒன்றைக் கல்லூரியில் செய்ய முடிந்தால், முதலில் கோடைக்கானலிலும் பிறகு மண்டபத்திலும் வைத்து எண்ணிப் பாருங்கள். பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர்கள் ஊட்டிக்குப் போகலாம். அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூயான் தொலைநோக்கி ஓய்வில்லாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது.

கப்பலில் ஒரு சென்னை மாணவர்

நிறை, ஆற்றல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்கு எல்லை உண்டு. உந்தத்துக்கு எல்லை இல்லை. ஒரு துகளைத் தள்ளத் தள்ள உந்தமும் ஆற்றலும் ஏறிக்கொண்டே போகும்; வேகம் மட்டும் ஒளிவேகத்தை நெருங்கி நெருங்கி நிற்கும். இந்த ஒரு வாக்கியத்தின் பலனை முழுதாக அறுவடை செய்தவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930ஆம் ஆண்டு, 19 வயதில், பம்பாயிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் வெண்குறு விண்மீன்களைப் பற்றி யோசித்தார். அவற்றைத் தாங்கி நிற்பது எலக்ட்ரான்களின் அழுத்தம். நிறை கூடக்கூட எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்குகின்றன. நெருங்கிய பிறகு வேகம் கூட வழியில்லை. அழுத்தம் முன்போல ஏறுவதில்லை. ஆகவே ஓர் எல்லைக்கு மேல் விண்மீன் தன்னைத் தாங்க முடியாது. இன்று அந்த எல்லையைச் சூரிய நிறையில் ஏறக்குறைய 1.4 மடங்கு என்கிறோம். 1983இல் நோபல் பரிசு பெற்ற அவர் வாழ்க்கைப்பணியின் தொடக்கம், சிறப்புச் சார்பியலை ஒரு பழைய கணக்கில் சரியான இடத்தில் சேர்த்ததுதான்.

படகில் இருக்கும் கருவி

இப்போது கடலுக்குப் போவோம். முன்பெல்லாம் மீனவர்கள் வெள்ளி பார்த்தும், கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்தும் இடம் கண்டார்கள். இன்று விசைப்படகிலும் பல நாட்டுப்படகுகளிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்திய-இலங்கைக் கடல் எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளை இணைத்த கோடாகத்தான் வரையறுத்தன. தண்ணீரில் கோடு தெரியாது; எண்ணில்தான் தெரியும். அந்த எல்லையின் நியாயம் இன்றைய தலைப்பு இல்லை. அந்த எண் எப்படி வருகிறது என்பதுதான் தலைப்பு.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தைச் சுமந்தபடி 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ‘நான் இங்கே இருந்தேன், அப்போது மணி இது’ என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஒளி ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். செய்தி வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடலாம். படகின் இடத்துக்கு மூன்று எண்கள், படகுக் கருவியின் மலிவான கடிகாரம் எவ்வளவு தவறு என்பதற்கு ஓர் எண்; ஆக நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்.

செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர். சிறப்புச் சார்பியலின்படி அதன் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோவிநாடி பின்தங்கும். ஈர்ப்பு குறைவான உயரத்தில் இருப்பதால் பொதுச் சார்பியலின்படி 45 மைக்ரோவிநாடி முந்தும். நிகரம் 38 மைக்ரோவிநாடி முந்தல். 1977இல் என்.டி.எஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளை அனுப்பியபோது இந்த முந்தலுக்குத் திருத்தம் தேவையா என்று சிலருக்குச் சந்தேகம் இருந்தது. ஆகவே திருத்தத்தை நிறுத்தி வைத்து ஏறக்குறைய 20 நாள் அளந்து பார்த்தார்கள். கோட்பாடு சொன்னது ஒரு லட்சம் கோடியில் 446.5 பங்கு, அளவு வந்தது 442.5. அதன் பிறகு சந்தேகம் எழவில்லை. இன்று ஜி.பி.எஸ். கடிகாரத்தின் அதிர்வெண்ணைத் தரையிலேயே அந்த அளவு குறைத்து வைத்துத்தான் அனுப்புகிறார்கள். நம் நாட்டு இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் இன்னும் உயரத்தில், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில், மெதுவாகச் சுற்றுகின்றன. அங்கே வேகத்தால் வரும் பின்தங்கல் நாளுக்கு 4.5 மைக்ரோவிநாடி. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்-01இல் இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் அணுக்கடிகாரம் போனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 38 மைக்ரோவிநாடியில் ஒளி 11 கிலோமீட்டர் போகும், ஆகவே திருத்தம் இல்லாவிட்டால் படகின் இடம் நாளுக்கு 11 கிலோமீட்டர் பிசகும் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. நீங்கள் இயற்பியல் மாணவர்கள். அப்படியே விழுங்கக் கூடாது. எல்லாச் செயற்கைக்கோளின் கடிகாரமும் ஒரே அளவு முந்தினால், அந்தத் தவறு நான்காவது எண்ணாகிய கடிகாரப் பிழைக்குள் பெரும்பாலும் போய்விடும். நேரம் கெடும், இடம் அவ்வளவு கெடாது. இடத்தைக் கெடுப்பவை, செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் மாறுபடும் விளைவுகள்.

அவற்றில் ஒன்று சுற்றுப்பாதையின் நீள்வட்டத்தால் வருவது. வட்டத்திலிருந்து விலகும் அளவு 0.01 என்றால் கடிகாரம் 23 நானோவிநாடி, அதாவது 7 மீட்டர் அளவுக்கு, முந்திப் பிந்தி ஊசலாடும். இதைப் படகில் உள்ள கருவியே கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். மற்றொன்றுக்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

பூமி சுழல்வதால் இராமேசுவரம் விநாடிக்கு ஏறக்குறைய 459 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. நங்கூரம் போட்ட படகும்தான். கிழக்கே 20,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு செயற்கைக்கோள், மேற்கே அதே தூரத்தில் இன்னொன்று. இரண்டின் கடிகாரங்களும் பூமியின் மையத்தை வைத்த, சுழலாத குறிப்பாயத்தில் ஒத்துப்போகின்றன. படகு அந்தக் குறிப்பாயத்தில் ஓடுகிறது. பாலத்தில் எழுதிக்கொண்ட அளவை எடுங்கள்: வேகம் பெருக்கல் தொலைவு, வகுத்தல் ஒளிவேகத்தின் வர்க்கம். 459 மீட்டர், 20,000 கிலோமீட்டர். விடை 0.1 மைக்ரோவிநாடி. படகின் கணக்கில் கிழக்குக் கடிகாரம் அவ்வளவு முந்துகிறது, மேற்குக் கடிகாரம் அவ்வளவு பிந்துகிறது. பாம்பன் விளக்கு மண்டபம் விளக்கை முந்திய அதே கதை. தொலைவில் சொன்னால் 30 மீட்டர். கிழக்குக்கும் மேற்குக்கும் எதிரெதிராக வருவதால் இது நான்காவது எண்ணில் ஒளிந்துகொள்ளாது, இடத்தையே நகர்த்திவிடும்.

இதையே சார்பியல் தெரியாதவர்போலவும் சொல்லலாம். 20,000 கிலோமீட்டர் வர ஒளிக்கு 0.067 விநாடி ஆகிறது. அதற்குள் படகு 30 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. இரண்டும் ஒரே இயற்கணிதம். சாக்னாக் விளைவு என்று இதற்குப் பெயர். கருவி இதையும் ஒவ்வொரு முறையும் திருத்துகிறது. இராமேசுவரத்தின் அட்சரேகையில் பூமியைச் சுற்றிக் கடிகாரங்களை வரிசையாக நட்டு, பக்கத்துக் கடிகாரத்தோடு ஒளியால் ஒத்துப்போகச் செய்துகொண்டே வந்தால், முழுச் சுற்று முடியும்போது கடைசிக் கடிகாரம் முதல் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது; 200 நானோவிநாடிக்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கும். சுழலும் பூமிமீது எல்லோருக்கும் பொதுவான ‘இப்போது’ ஒன்றை அப்படிக் கட்ட முடியாது. ஆகவே சுழலாத ஒரு குறிப்பாயத்தைத் தேர்ந்து, அதன் நேரத்தை எல்லாப் படகுக்கும் பொதுவாக்கினார்கள். 1906இல் ஒரு தீர்க்கரேகையைத் தேர்ந்ததுபோல இதுவும் ஒரு தேர்வு. தேர்வு மனிதருடையது, தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இயற்கையுடையது.

கேள்விக்கு முன்

கால நீட்டிப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அன்றாட வேகங்களில் அது அநேகமாகத் தெரியாது. உடனிகழ்வின் வித்தியாசம் வேகத்தையும் தொலைவையும் பொறுத்தது. தொலைவு கூடினால் சாதாரண வேகத்திலும் தலைகாட்டும். சார்பியல் என்றால் ஒளிவேக ராக்கெட் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவதைக் கோட்டைவிடுகிறார்கள். அது நங்கூரம் போட்ட படகிலேயே இருக்கிறது.

கேள்வி நேரத்தில் முதலில் எழுபவர் இரட்டையரைப் பற்றித்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒருவர் விண்கலத்தில் போய்த் திரும்புகிறார், மற்றவர் ஊரில் இருக்கிறார். இருவருக்கும் மற்றவர் கடிகாரம்தானே மெதுவாகும், பிறகு யார் இளையவர் என்று கேட்பீர்கள். கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். போகும்போது பயணியின் ‘ஒரே நேரக்’ கோட்டை வரையுங்கள். திரும்பும்போது வேறு குறிப்பாயம். அதன் கோட்டையும் வரையுங்கள். திரும்பும் புள்ளியில் இரண்டு கோடுகளும் ஊரில் இருப்பவரின் வாழ்க்கையில் எங்கெங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். நடுவில் விடுபட்டுப் போன ஆண்டுகள் அங்கே இருக்கும். வரைந்து முடித்த பிறகும் சந்தேகம் இருந்தால் மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.